விலாங்கா, பங்கரா? ஸ்ட்ரைப்பர் பிடிக்க எதை உயிரோடு வைத்திருப்பது

என்னுடையது 14 அடி அலுமினியப் படகு. அதற்கு ஒரு லைவ்வெல், அதாவது இரை மீனை உயிரோடு வைத்திருக்கும் தொட்டி, வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு ஏப்ரல் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். நியூ ஜெர்சியில் ராரிட்டன் விரிகுடா, சாண்டி ஹூக் பக்கம் உயிர் இரை போட்டு ஸ்ட்ரைப்டு பாஸ் (பேச்சில் ஸ்ட்ரைப்பர், உடம்பில் கோடு போட்ட பெரிய மீன்) பிடிக்க நினைக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி என்றைக்காவது வந்தே தீரும். மார்ச்சில் கடற்புழுவும் மட்டிச் சதையும் போதும், அது தனிக் கதை. ஆற்று ஹெர்ரிங் மீன் ஒரு காலத்தில் நல்ல இரையாம்; 2012 முதல் இங்கே அதைக் கையில் வைத்திருக்கவே தடை. ஆக, களத்தில் மிஞ்சுவது இரண்டு கட்சிகள்: பங்கர், விலாங்கு. நான் தொட்டியை வாங்கினேன், ஒரு பருவம் முழுக்கப் பங்கர் போட்டேன், பிறகு தொட்டியை விற்றுவிட்டேன். இப்போது விலாங்குக் கட்சி. அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை.

முதலில் பங்கருக்கு உரிய மரியாதை. புத்தகப் பெயர் மென்ஹேடன். நம் மத்தியின் தூரத்துச் சொந்தம், ஆனால் ஒரு முழங்கைக்குக் கிட்டத்தட்ட வளரும். ஹட்சன் ஆற்றில் முட்டையிட்டுவிட்டுப் பசியோடு கடலுக்கு இறங்கும் பெரிய ஸ்ட்ரைப்பர்கள் மே, ஜூனில் பங்கர் கூட்டத்துக்கு அடியிலேயே சுற்றும். அந்த நேரத்தில், அதுவும் பட்டப்பகலில், பங்கரை மிஞ்ச எதுவும் இல்லை. காசும் இல்லை: வீச்சு வலை போடலாம், அல்லது மும்முனைக் கொக்கியைக் கூட்டத்துக்குள் எறிந்து வெடுக்கென்று இழுத்து மாட்டலாம். முன்பெல்லாம் அப்படி மாட்டியதை அந்தக் கொக்கியோடேயே இரையாக அங்கேயே நீந்த விட்டுவிடுவார்கள். 2021 முதல் ஸ்ட்ரைப்பருக்கு இயற்கை இரை என்றால் சர்க்கிள் ஹூக் எனும் வளைமுள் கட்டாயம். அதனால் பங்கரைப் படகுக்குக் கொண்டுவந்து, முள் மாற்றி, மறுபடி விட வேண்டும். பின்னால் எதுவோ வருகிறது என்று தெரிந்ததும் அந்தப் பங்கர் துடிக்கிற துடிப்பு தூண்டில் கழி வழியாகக் கைக்கு வரும். அந்தச் சுகத்தை விலாங்கு தராது, ஒப்புக்கொள்கிறேன்.

சிக்கல் எல்லாம் பராமரிப்பில்தான். பங்கருக்குச் சும்மா நிற்கத் தெரியாது. வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே நீரை வடிகட்டித் தின்பது அதன் பிழைப்பு. மூலையுள்ள பெட்டியில் விட்டால் மூக்கை இடித்து இடித்தே செத்துப்போகும். அதனால் தொட்டி வட்டமாக இருக்க வேண்டும். புதுக் கடல்நீர் ஓயாமல் உள்ளே வந்து, பழையது வழிந்து போக வேண்டும். அதற்கு ஒரு மோட்டார், மோட்டாருக்கு ஒரு பேட்டரி. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்பதால், மே மாதம் பிழைத்த ஏற்பாடு ஜூலையில் பிழைக்காது. என் 30 காலன் தொட்டி ஆறு பங்கரைத் தாங்கியது. ஆசைப்பட்டு எட்டு விட்டால் மூக்கு சிவக்கும், செதில் கொட்டும், அப்புறம் ஒவ்வொன்றாகச் சாயும். ஒருநாள் மோட்டாரின் வாயில் பாசி அடைத்துவிட்டது. நான் தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தொட்டியைப் பார்க்கவில்லை. திரும்பினால் அத்தனையும் மல்லாந்து கிடந்தன. செத்ததை வெட்டித் துண்டாகப் போட்டாலும் ஸ்ட்ரைப்பர் எடுக்கும்தான்; அதற்குத் தொட்டி எதற்கு?

எடையை மறந்துவிட்டேன். 30 காலன் கடல்நீர் சுமார் 115 கிலோ. சிறிய படகில் கூடுதலாக ஒரு பருத்த ஆளை ஏற்றியது போல, அதுவும் ஒவ்வொரு அலைக்கும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்கிற ஆள். வீட்டுக்கு வந்ததும் தொட்டியைச் சோப்பு போட்டுத் தேய்க்காவிட்டால் மறுநாள் வாடை தெருமுனை வரை போகும். அவ்வளவு எண்ணெய் அந்த மீனில்.

விலாங்குக்கு இதில் எதுவும் வேண்டாம். கொஞ்சம் ஈரம் இருந்தால் தோல் வழியாகவே மூச்சு விட்டுச் சமாளிக்கும். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற பிராணி, தண்ணீருக்கும் கரைக்கும்கூட அப்படியே காட்டுகிறது. சாதாரண ஐஸ்பெட்டியின் அடியில் ஐஸ், அதன்மேல் துளையிட்ட தட்டு, தட்டில் ஈரச் சாக்கு, சாக்குக்குள் ஒரு டஜன் விலாங்கு. ராத்திரி முழுக்கக் கவலையில்லை. ஒன்றே ஒன்று: உருகிய நீர் வடிந்து போக வழி வேண்டும். தேங்கிய நீரில் தங்கள் வழவழப்பிலேயே கிடந்தால் மூச்சடைத்துவிடும். மிச்சமானவற்றை வீட்டில் காற்றுக் குமிழி போட்ட வாளியில் சில நாள் வைக்கலாம், குளோரின் நீக்கிய தண்ணீராக இருந்தால். வாளிக்கு இறுக்கமான மூடி அவசியம். எங்கள் வீட்டுத் துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் ஒருநாள் என்ன கிடைத்தது என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வார்.

ஐஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூடான விலாங்கு கையைச் சுற்றும், தூண்டில் நரம்பைச் சுற்றும், தானும் முடிச்சாகிவிடும். குளிர்ந்தது மந்தமாக இருக்கும். துணியால் பிடித்து, கீழ்த்தாடையில் முள்ளைக் குத்தி மேலே எடுத்துவிட்டால் முடிந்தது. இருட்டியபின் பாறை ஓரமாக, நீரோட்டத்தோடு மெல்ல மிதக்க விட வேண்டும். மீன் எடுத்ததும் விசுக்கென்று இழுக்கக் கூடாது. வளைமுள் அப்படி மாட்டாது. நரம்பு இறுகட்டும், பிறகு சுற்றலாம்.

பெரிய மீன் வேண்டுமென்றால் பங்கர்தான் என்று சொல்வார்கள். 2011 ஆகஸ்டில் லாங் ஐலண்ட் சவுண்டு எனும் கடற்பகுதியில் பிடிபட்ட 81 பவுண்டு 14 அவுன்ஸ் உலக சாதனை ஸ்ட்ரைப்பர் எடுத்தது உயிர் விலாங்கைத்தான். தவிர, 2023-இல் வந்த விதிப்படி கடலில் 28 முதல் 31 அங்குலத்துக்குள் உள்ளதை மட்டுமே, நாளுக்கு ஒன்று, வைத்துக்கொள்ளலாம். பங்கரை விழுங்கி வருகிற ராட்சசர்கள் பெரும்பாலும் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விட வேண்டியவைதான்.

விலாங்கின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பங்கர் இலவசம், இது ஒவ்வொன்றும் காசு. புளூஃபிஷ் எனும் கூர்ப்பல் மீன் வந்துவிட்டால் கத்தரித்த மாதிரிப் பாதி விலாங்குதான் திரும்பும். அந்த இரவு பணம் கரைகிற வேகம் வயிற்றைப் பிசையும். பகலில் எனக்கு விலாங்கு பெரிதாக உதவியதில்லை. கரையிலிருந்து அலைக்குள் எறிவதில் என் அனுபவம் இரண்டே இரவுகள், அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். உறுத்துகிற விஷயம் வேறு: அமெரிக்க விலாங்கெல்லாம் அட்லாண்டிக்கில் உள்ள சர்காசோ கடலில் பிறந்து வருபவை, அவற்றின் இருப்பு குன்றிவிட்டது என்று 2012 மீன்வள மதிப்பீடே சொல்லியது. நாளுக்கு 25 வரை வைத்திருக்க அனுமதி உண்டு; நான் ஒரு டஜனைத் தாண்டுவதில்லை.

தொட்டியை வாங்கிக்கொண்டு போனவரிடம் 22 அடி படகு இருக்கிறது, இரண்டு பேட்டரி, உதவிக்கு இரண்டு மகன்கள். அவருக்கு அது சரிதான். ஜூன் மாதம் ஒரு காலையில் வா என்று கூப்பிட்டிருக்கிறார். போவேன், விலாங்கு பற்றி வாயே திறக்க மாட்டேன்.