லுபாங்கா வழியா, என்டகண்டா வழியா?

படையில் சேர்க்கப்பட்ட சிறுமியை அந்தப் படையினரே வன்புணர்ந்தால், வழக்கை எந்தக் குற்றத்தின்கீழ் போடுவது? சர்வதேசச் சட்டம் படிப்பவர்கள் குழம்பும் இடம் இது. காங்கோவின் இதூரியில் 2002-03இல் ஒரே ஆயுதக் குழுவில் இருந்த தாமஸ் லுபாங்கா, போஸ்கோ என்டகண்டா ஆகிய இருவர் மீது ஹேக் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் நடத்திய வழக்குகளை வைத்துப் பார்ப்போம்.

குற்றச்சாட்டு
லுபாங்கா: 15 வயதுக்கு உட்பட்டோரைப் படையில் சேர்த்ததும் சண்டையில் பயன்படுத்தியதும் மட்டும்.
என்டகண்டா: அதோடு வன்புணர்வும் பாலியல் அடிமைத்தனமும் தனிக் குற்றங்களாக.

நிரூபிப்பது
லுபாங்கா: வயதும் சேர்ப்பும் போதும். அதுவே லேசாக இல்லை. சிறார் சாட்சிகள் பலரின் பேச்சை நீதிமன்றம் நம்பவில்லை, வீடியோக்கள்தான் கைகொடுத்தன.
என்டகண்டா: நடந்த கொடுமையையே நிரூபிக்க வேண்டும். அப்புறம், ‘சொந்தப் படையினருக்கு எதிராகப் போர்க்குற்றம் எப்படி வரும்?’ என்று எதிர்த்தரப்பு மடக்கியது. 2017 ஜூனில் மேல்முறையீட்டு அமர்வு அந்த வாதத்தைத் தள்ளியது. இந்த ஒப்பீட்டின் உயிர்நாடியே அந்தத் தீர்ப்புதான்.

தண்டனை
லுபாங்கா: 14 ஆண்டு (2012).
என்டகண்டா: அவர் மீது நிரூபணமான 18 குற்றங்களுக்கும் சேர்த்து 30 ஆண்டு (2019).

இழப்பீடு
லுபாங்கா: பாலியல் கொடுமைக்கு இழப்பீடு தர அவர் பொறுப்பல்ல என்று 2015இல் முடிவானது. எனக்கு இன்னும் உறுத்துவது இதுதான்.
என்டகண்டா: வன்புணர்வில் பிறந்த குழந்தைகளும் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களே.

வயதுச் சான்று வலுவாக இருந்து, பாலியல் கொடுமைக்குச் சாட்சியே கிடைக்காவிட்டால் முதல் வழி சரி. பேசத் தயாரான பெண்கள் இருந்தால், அல்லது அவர்கள் 15ஐக் கடந்திருந்தால், இரண்டாவதுதான்.