ஸ்பிரிங் மாற்றாமல் வால்வ் வாங்கியவனின் ரிவியூ

என் மோட்டோகிராஸ் பைக்கின் சஸ்பென்ஷனுக்கு நான் முதலில் வாங்கியது வால்வ் கிட், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குள் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சாமான். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது. பெட்டியைப் பிரித்தால் பளபளவென்று ஒரு பிஸ்டன், தாள் மாதிரி மெல்லிய வட்டத் தகடுகளான ஷிம்கள், பார்க்கவே ஆசையாக இருந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் குறை கிட்டில் இல்லை, அதை வாங்கிய ஆளிடம்தான் இருந்தது. என் 450 சிசி பைக்கில் மாட்டி ஒரு மாதம் ஓட்டினேன். பிரேக் பிடிக்கிற இடத்தில் வரிசையாக வரும் சின்ன மேடுகளில் கை அதிர்ந்தது, பெரிய ஜம்பிலிருந்து இறங்கும்போது மட்டும் ஃபோர்க் முன்பு போலவே அடிவரை போய் டங்கென்று இடித்தது. ஐந்தாவது லேப்பிலேயே முன்கை கல்லாக இறுகிவிடும்.

காரணம் ரொம்பச் சாதாரணம். என் எடை 92 கிலோ. ஹெல்மெட், பூட்ஸ், செஸ்ட் புரொடெக்டர் எல்லாம் சேர்த்தால் 100-ஐத் தாண்டும். ஃபுல் சைஸ் மோட்டோகிராஸ் பைக்கில் கம்பெனி போட்டு அனுப்பும் ஸ்பிரிங் பெரும்பாலும் 75 முதல் 85 கிலோ வரை உள்ள ஆளுக்கானது. ஆளைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை, அந்த அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது வால்வின் வேலை. தாங்க முடியாத ஸ்பிரிங்கை வால்வை வைத்துச் சரிசெய்யப் பார்த்தால் நான் பட்ட பாடுதான் மிச்சம்.

அதனால் எதை வாங்குவதற்கு முன்னாலும் சேக், அதாவது எடைக்கு சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து பாருங்கள், ஒரு டேப் போதும். பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் தொங்கும்போது, பின் ஆக்சிலிலிருந்து நேர் மேலே மட்கார்டில் போட்ட ஒரு மார்க் வரை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு கீழே இறக்கி, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறி ஃபுட்பெக்கில் நிற்க வேண்டும். ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரேஸ் சேக், பொதுவாக 100 முதல் 105 மி.மீ. இருக்கலாம். அப்புறம் இறங்கிவிட்டு, பைக் தன் எடைக்கு மட்டும் எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள், அது 30 முதல் 40 மி.மீ. வந்தால் நல்லது.

எனக்கு ரேஸ் சேக்கை 105-க்குக் கொண்டுவர, ஷாக்கின் (பின்பக்க சஸ்பென்ஷன்) ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் பிரீலோட் ரிங்கைப் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்க வேண்டியிருந்தது. எப்படியோ 105 வந்தது. ஆனால் ஆள் இல்லாமல் பைக் அமுங்கியது வெறும் 14 மி.மீ.! கொஞ்சமாகத்தான் அமுங்குகிறது, அப்படியென்றால் ஸ்பிரிங் ரொம்ப ஹார்ட் என்று நானும்தான் முதலில் நினைத்தேன். விஷயம் நேர் தலைகீழ். ஸ்பிரிங் சாஃப்ட்டாக இருந்ததால்தான் அதை அவ்வளவு இறுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கியதால்தான் ஆள் இல்லாதபோது அது அமுங்க மறுத்தது. பிரீலோட் பைக்கின் உயரத்தை மாற்றும், ஸ்பிரிங்கின் பலத்தை மாற்றாது.

ஃபோர்க்கின் ஒவ்வொரு குழாய்க்கும் 0.2 நியூட்டன்/மி.மீ., ஷாக்கில் 4 நியூட்டன்/மி.மீ. கூட்டி ஸ்பிரிங் வாங்கினேன். ரேஸ் சேக் 104, ஆள் இல்லாமல் 34. வால்வ் கிட்டின் விலையோடு பார்த்தால் ஸ்பிரிங் செலவு ஒன்றுமே இல்லை, ஆனால் அன்றைக்கு டிராக்கில் ஓட்டியது வேறு பைக் மாதிரி இருந்தது. சின்ன மேடுகளிலும் மெத்தென்று போனது, ஏனென்றால் ஃபோர்க் இப்போது பாதி அமுங்கிய நிலையிலேயே தொங்கிக்கொண்டிருக்கவில்லை. ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள், ஸ்பிரிங் பலமானால் திருப்பித் தள்ளுவதும் பலமாகும், அதனால் அமுங்கியது திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் கிளிக்கரை இரண்டு கிளிக் உள்ளே திருப்ப வேண்டி வந்தது. அதற்குமுன் பின்பக்கம் ஜம்பில் என்னை உதைத்துத் தள்ளியது தனிக் கதை.

அடுத்து ரீவால்விங். ஷிம்களை எடுத்து நம் எடைக்கும் வேகத்துக்கும் டிராக்குக்கும் தகுந்தபடி மாற்றி அடுக்கித் தருவது. நல்ல டியூனர் கையில் கிடைத்தால் இதற்கு இணை கிடையாது, ஆனால் ஆளைப் பார்த்துக் கொடுங்கள். நான் முதலில் கொடுத்த இடத்தில் எடைகூடக் கேட்கவில்லை, திருப்பித் தரும்போது என்ன மாற்றினார்கள் என்று ஒரு துண்டுச்சீட்டும் இல்லை. இரண்டாவது ஆள் எடை, டிராக் மணலா இறுகிய மண்ணா, ஜம்பில் எங்கே இடிக்கிறது என்று கேள்வியாகக் கேட்டுவிட்டுத்தான் ஃபோர்க்கைக் கையில் வாங்கினார். பழைய எண்ணெயை ஊற்றிக் காட்டினார், சேற்றுத் தண்ணீர் நிறம். பாதிப் பேருக்கு அப்கிரேடே தேவையில்லை, எண்ணெயும் சீலும் மாற்றினாலே போதும் என்றார், எனக்கும் அது உண்மையாகத்தான் படுகிறது.

ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று தாங்கும் ஏர் ஃபோர்க் வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. ஸ்பிரிங் வாங்காமல் பம்பை வைத்தே எடைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம், பைக் எடையும் குறையும், ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டும்முன்னும் பிரஷர் பார்த்தே ஆக வேண்டும். ஹோண்டா 2017 சிஆர்எஃப்450ஆர்-இல் ஏர் ஃபோர்க்கைக் கைவிட்டு 49 மி.மீ. ஷோவா ஸ்பிரிங் ஃபோர்க்குக்குத் திரும்பியது. காற்றிலிருந்து ஸ்பிரிங்குக்கு மாற்றும் கிட்களும் கிடைக்கின்றன, தினமும் பம்ப் பிடிக்கச் சோம்பல் என்றால் யோசிக்கலாம்.

டபிள்யூ.பி. எக்ஸாக்ட் ப்ரோ, ஓலின்ஸ் டிடிஎக்ஸ் மாதிரி ரேஸுக்கான உயர்வகை சஸ்பென்ஷன் சாமான்களா? நண்பரின் பைக்கில் அப்படிப்பட்ட முழு செட் ஒன்றை ஒரு மதியம் முழுக்க ஓட்டினேன். பிரமாதம்தான், வேகமாகப் போகப் போக இன்னும் நன்றாக இருந்தது, ஆனால் அந்த வேகம் என்னிடம் இல்லை.

என் ஃபோர்க்குக்குள் இப்போதும் அதே வால்வ் கிட்தான் இருக்கிறது. ஃபோர்க்கின் கீழ்க் குழாயில் ஒரு ஜிப் டை கட்டியிருக்கிறேன், எவ்வளவு அமுங்கியது என்பதை அது காட்டிக்கொடுக்கும். போன வாரம் உச்சி தட்டையாக இருக்கும் பெரிய டேபிள்டாப் ஜம்பில் கொஞ்சம் குறைவாகத் தாண்டி, மேட்டின் மேலேயே பைக்கை இறக்கினேன், வந்து பார்த்தால் அடியில் இன்னும் 15 மி.மீ. மிச்சம் இருந்தது.