பின்மண்டைத் தழும்போரம் முடி தாமதமா? மினாக்சிடில் 5 சதவீதக் கரைசல்: ஒரு மதிப்பீடு

பின்மண்டையில் தோல் பட்டை எடுத்து முடி நட்டுக்கொண்டவர்களில் பலர், முதல் நான்கைந்து மாதம் முன்நெற்றியைவிடப் பின்மண்டையைப் பார்த்துத்தான் அதிகம் கலங்குகிறார்கள். தையல் போட்ட கோட்டுக்கு மேலும் கீழும் முடி கொட்டி, மெல்லிய தழும்புகூட அகலமாகத் தெரியும். வேலூர்ப் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ அறுவை செய்துகொண்டு ஊர் திரும்புகிறவர்கள். மருத்துவர் தூரத்தில், மெடிக்கல் கடை பக்கத்தில். அதனால் கைக்கு முதலில் வருவது மினாக்சிடில் 5 சதவீதக் கரைசல், 60 மில்லி பாட்டில். அந்தப் பாட்டில் இந்த வேலைக்கு எவ்வளவு உதவும் என்பதுதான் இங்கே மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தழும்பைச் சுற்றிக் கொட்டிய முடிக்கு இது நல்ல துணை. தழும்பின் மேலேயே முடி முளைக்க இது எதுவும் செய்யாது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். மிச்சம் ஒன்றரை போனது மருந்தின் குறையால் பாதி, தெரியாமல் வாங்கித் தடவுவதால் பாதி.

பட்டை முறையில் பொதுவாக ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்குத் தோலை எடுத்துவிட்டு, இரு ஓரத்தையும் இழுத்துத் தைக்கிறார்கள். அந்த இழுப்பில் தோல் இறுகுகிறது, சின்ன ரத்தக்குழாய்கள் அறுபடுகின்றன. ஓரத்து முடிவேர்கள் அதிர்ந்து ஓய்வுநிலைக்குப் போய்விடும். சில வாரங்களில் முடி உதிரும், வேர் உள்ளேயே இருக்கும். ஓய்வு ஏறக்குறைய மூன்று மாதம். அதன்பின் முளைத்தாலும் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். தை மாதம் அறுவை செய்தவருக்கு மாசியில் கொட்டி, வைகாசி வாக்கில் முளைவிட்டு, ஆவணியில்தான் தழும்பை மூடும் நீளம் வரும். சித்திரையில் கண்ணாடி பார்த்து மனம் உடைய வேண்டியதில்லை. அது கணக்குப்படிதான் நடக்கிறது.

எல்லா வெறுமையும் இப்படித் திரும்பி வராது. கத்தி சாய்வாகப் போய் ஓரத்து வேர்கள் வெட்டுப்பட்டிருந்தாலோ, ரத்தம் நிறுத்தச் சூடு வைத்தது அதிகமாகிவிட்டாலோ, இழுப்பு தாங்காமல் காயத்தோரம் கறுத்துப் பொருக்கு கட்டியிருந்தாலோ, அங்கே வேரே இல்லை. மருந்துக்கு வேலையும் இல்லை. ஆகவே வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பகல் வெளிச்சத்தில், முடியைக் கிளிப்பால் மேலே தூக்கி, யாரையாவது செல்போனில் கிட்டத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் தழும்பு வழவழவென்று லேசாக மின்னும், ஒரு துளைகூட இருக்காது. அதற்கு வெளியே தோல் சாதாரண நிறத்தில், ஊசிமுனை அளவு துளைகளோடு, சில இடத்தில் பூனைமுடிபோல் மெல்லிய முடியிழைகளோடு இருந்தால் அங்கே வேர் உயிரோடு இருக்கிறது. அந்த இடத்துக்குத்தான் இந்த மருந்து. படத்தைத் தேதியோடு வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை அதே ஜன்னலோரத்தில் மறுபடி எடுங்கள். தினமும் கண்ணாடியில் தேடினால் எந்த மாற்றமும் பிடிபடாது.

மினாக்சிடில் முதலில் ரத்தக்கொதிப்பு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 1988-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஓய்விலிருக்கும் வேரைச் சீக்கிரம் எழுப்பி, வளரும் பருவத்தை நீட்டுவது அதன் வேலை. ஆய்வுகளின் பலமெல்லாம் உச்சந்தலை வழுக்கைக்குத்தான். பின்மண்டையில் தானாகவே திரும்பப்போகும் முடியை இது கொஞ்சம் முன்னால் கொண்டுவரும் என்ற அளவில் எதிர்பார்த்தால் ஏமாற்றம் இல்லை.

எப்போது தொடங்குவது என்பதில்தான் அவசரம் கெடுக்கிறது. தையல் பிரிப்பது பொதுவாகப் 10 முதல் 14 நாளில். அதன் பிறகும் பொருக்கு முழுதும் விழுந்து, கசிவு நின்று, தோல் மூடியிருக்க வேண்டும். அதற்கு முன் தடவினால் கரைசலில் இருக்கும் ஆல்கஹால் எரிப்பது ஒரு பக்கம். திறந்த காயம் வழியாக மருந்து ரத்தத்தில் அதிகமாக ஏறி நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல் வருவது இன்னொரு பக்கம். தொடங்கும் நாளை அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இதய நோய் உள்ளவர்களும் ரத்தக்கொதிப்பு மாத்திரை எடுப்பவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அளவு: ஒரு வேளைக்கு 1 மில்லி, நாளுக்கு இரண்டு வேளை, மொத்தம் 2 மில்லிக்கு மேல் போகக்கூடாது. அந்தக் கணக்கில் 60 மில்லி பாட்டில் முப்பது நாள் வரும். உச்சந்தலைக்கு ஏற்கெனவே போடுகிறவர் பின்மண்டைக்கென்று கூடுதலாக ஊற்றாமல், அந்த 1 மில்லியையே இரண்டு இடத்துக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும். தலை நன்றாகக் காய்ந்திருக்கட்டும். வால் சீப்பால் தழும்புக்குச் சற்று மேலே குறுக்கு வகிடு எடுத்து, மேல்முடியைக் கிளிப்பில் மாட்டி, டிராப்பரில் பாதி மேல் ஓரம் நெடுகவும் மீதிப் பாதி கீழ் ஓரம் நெடுகவும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விரல்நுனியால் பரப்பினால் போதும், அழுத்தித் தேய்ப்பது வேண்டாம். அறுவைக்குப் பிறகு அந்த இடம் பல மாதம் மரத்துப்போயிருக்கும், நகம் கீறினாலும் தெரியாது. நாலு மணி நேரம் தலை நனையக் கூடாது. இரவு வேளையை, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னாடியே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி மருந்து தலையணைக்குப் போகும். வீட்டில் வேறொருவர் போட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம், கொஞ்சம் நக்கினாலும் அதன் உயிருக்கே ஆபத்து. ஆல்கஹால் காயும்வரை அடுப்பு, விளக்கு, கற்பூரம் பக்கம் போகாதீர்கள்.

ஒருவேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடக் கூடாது. தொடங்கிய முதல் சில வாரங்களில் இன்னும் கொஞ்சம் முடி உதிரலாம், பழைய முடியைப் புதியது தள்ளும்போது அப்படி ஆகும். அதைப் பார்த்துப் பயந்து பாட்டிலைத் தூக்கிப்போடுகிறவர்கள்தான் அதிகம்.

குறைகளுக்கு வருவோம். கரைசலில் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்கால் பலருக்கு அரிப்பையும் பொடுகுபோல் வெள்ளைச் செதிலையும் கொண்டுவரும். கத்திரி வெயிலில் வேலூரில் வியர்வையும் சேர்ந்தால் கழுத்துவரை வழிந்து அரிக்கும். வழிந்த இடத்தில், பிடரிக்குக் கீழே, மெல்லிய முடியும் முளைக்கும். அரிப்புத் தாங்காதவர்களுக்கு அந்தப் பொருள் இல்லாத நுரை வடிவம் நல்லது. விலை அதிகம். நீளமான பின்முடிக்குள் நுரையைத் தோல்வரை கொண்டுபோவதும் கடினம். முடியைக் குட்டையாக வைப்பவருக்கு நுரை, நீளமாக வைப்பவருக்குக் கரைசல் என்று வைத்துக்கொள்ளலாம். நெஞ்சுப் படபடப்பு, கால் வீக்கம், மயக்கம் வந்தால் எந்த வடிவமானாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பாட்டிலை வண்டி டிக்கியில் போட்டு வெயிலில் நிறுத்துவது இந்த ஊரில் சகஜம். மூடி லூசாக இருந்தால் ஆல்கஹால் ஆவியாகி, டிராப்பர் வாயில் வெள்ளையாக உப்புக்கல்போல் படியும். அது மருந்தேதான், கரைசலிலிருந்து பிரிந்து நிற்கிறது. அப்படிப்பட்ட பாட்டிலில் ஒவ்வொரு சொட்டிலும் அளவு மாறும், புதிதாக வாங்குவதே சரி.

மருந்தைவிட முக்கியமானது தழும்பை அகலமாக விடாமல் காப்பது. மூன்று மாதம் ஆனாலும் தைத்த தோலுக்குப் பழைய பலத்தில் 80 சதவீதம்தான் திரும்பும். முதல் நாலைந்து வாரம் கனம் தூக்குவதும் தலையைக் குனிந்தபடியே வேலை செய்வதும் தையலை இழுக்கும். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் மெஷினில் குனிந்து உட்காருகிறவர்கள் இதற்கென்றே லீவு கேட்க வேண்டும். சென்னை பஸ்ஸில் மூன்று மணி நேரம் சீட்டில் பின்மண்டையை அழுத்திச் சாய்வதும் கூடாது, கழுத்துக்குத் தலையணை வைத்துத் தழும்பு சீட்டில் படாமல் உட்காருங்கள். ஹெல்மெட்டின் பின் விளிம்பு சரியாக அந்தக் கோட்டில்தான் உட்காரும். ஹெல்மெட் இல்லாமல் வண்டி எடுக்க முடியாது என்பதால், ஆறும்வரை வண்டியையே விட்டுவிடுவதுதான் வழி. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் சீயக்காய்த் தேய்ப்பும் ஒரு மாதமாவது பொறுக்கட்டும், சொரசொரப்பான தூள் இளம் தோலை உரசிப் புண்ணாக்கும். சிகரெட் ரத்தக்குழாயைச் சுருக்கும், ஆறுவதைத் தள்ளிப்போடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் அதே கதைதான்.

தழும்பு தடித்துப் புடைத்திருந்தால் சிலிக்கான் ஜெல் இரண்டு மூன்று மாதம் தடவலாம். அது தட்டையாக்கும், முடி தராது. வெங்காய எண்ணெய்க்குச் செலவு செய்ய வேண்டாம். ஆறு மாதத்துக்கும் மேலாகியும் ஓர முடி வராமல், தழும்பு 3 மில்லிமீட்டரைத் தாண்டி நின்றால் மெடிக்கல் கடையில் தீர்வு இல்லை. தோல் மருத்துவரிடம் போய் இரும்புச் சத்தும் தைராய்டும் பார்த்துவிட்டு, அறுவை செய்தவரிடம் மூன்று வழிகளைக் கேட்க வேண்டும்: தழும்பை எடுத்துவிட்டு ஓரத்தைச் சீவி, முடி அதனூடே முளைக்கும்படி மறுபடி தைப்பது, ஒவ்வொரு வேராக எடுத்துத் தழும்புக்குள் நடுவது, முடிப்புள்ளிபோல் மை குத்துவது. தழும்பில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் நடும் வேர்கள் எல்லாம் பிழைக்காது, முதலில் கொஞ்சமாக நட்டுப் பார்ப்பவரே நம்பத் தகுந்தவர்.

எவ்வளவு நாள் போடுவது? கொட்டிய முடிக்காக மட்டும் என்றால் நான்கிலிருந்து ஆறு மாதம் போதும். பின்மண்டை முடி பொதுவாகப் பரம்பரை வழுக்கைக்கு அசையாதது, அதனால் நிறுத்திய பிறகும் பெரும்பாலும் நிற்கும். உச்சந்தலையில் அப்படி இல்லை, நிறுத்தினால் வந்தது போய்விடும்.

திருப்பதி இங்கிருந்து பக்கம், வேண்டுதல் மொட்டை பலருக்கும் இருக்கும். ஆறு மாதம் கழியாமல் அதை வைத்துக்கொள்ளாதீர்கள். மரத்துப்போன புடைத்த தழும்பில் கத்தி பட்டால் ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். சலூனில் பின்பக்கம் மெஷின் வைப்பதானால் 4-ஆம் நம்பருக்குக் கீழே இறங்க வேண்டாம் என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள், தழும்பு அகலமென்றால் 8-ஆம் நம்பர்.