ஆறு வருடமாக ஒர்க்டே, நெட்வொர்க்டேஸ்: அந்த ஒரு நாள் தகராறு

போன வாரம் நண்பன் கேட்டான்: “வேலை நாள் கணக்குக்கு ஏதோ பார்முலா வச்சிருக்கியே, அதை நம்பலாமா?” அவன் கேட்டது எக்செல்லின் இரண்டு பார்முலாக்களைப் பற்றி: நெட்வொர்க்டேஸ் இரண்டு தேதிகளுக்குள் எத்தனை வேலை நாள் என்று எண்ணும், ஒர்க்டே ஒரு தேதியிலிருந்து இத்தனை வேலை நாள் கழித்து என்ன தேதி என்று சொல்லும். நாம் மாற்றாதவரை இரண்டுமே சனி, ஞாயிறை விட்டுவிடும். நம்பலாம் என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டுவிட்டேன். அப்புறம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இவ்வளவும்.

டெண்டர் பதில், ஒப்பந்தக் கெடு, வேலையை விடுகிறவர்களின் நோட்டீஸ் எல்லாமே எங்கள் ஆபீசில் எக்செல் ஷீட்டில்தான் ஓடுகிறது. வேலை சுத்தம். ஞாயிறு மட்டும் லீவு என்றால், வார விடுமுறையை நாமே தேர்ந்தெடுக்கும் நெட்வொர்க்டேஸ் இன்ட்ல் வகையில் 11 என்ற எண்ணைக் கொடுத்தால் போதும். வங்கிக் கெடுவுக்கும் அதே 11தான். 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை என்பதால் வருடத்துக்கு 24 சனிக்கிழமைகளை லீவுப் பட்டியலில் நாமே ஏற்ற வேண்டும். ஒரு தடவை ஏற்றிவிட்டால் வருடம் முழுக்கக் கவலையில்லை.

எரிச்சல் வேறு இடத்தில். திங்கள் முதல் வெள்ளி வரை எத்தனை வேலை நாள் என்று நெட்வொர்க்டேஸைக் கேட்டால் 5 என்கிறது. முதல் நாளும் சேர்த்தி. அதே திங்களிலிருந்து 5 வேலை நாள் கழித்து என்ன தேதி என்று ஒர்க்டேயைக் கேட்டால் அடுத்த திங்களைக் காட்டுகிறது. இங்கே முதல் நாள் சேர்த்தி இல்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆளுக்கொரு கணக்கு. கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரேஆபீஸிலும் இப்படியேதான். 1897-ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, மத்தியச் சட்டங்களில் ‘இந்தத் தேதியிலிருந்து’ என்றால் முதல் நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். ஒர்க்டே அதோடு ஒத்துப்போகிறது. மற்றதில் ஒவ்வொரு தடவையும் 1 கழிக்க வேண்டும். கழித்துக் கழித்து, ஒரு நாள் வித்தியாசம் எங்கே தெரிந்தாலும் “இது வழக்கமானதுதான்” என்று தள்ளிவிடப் பழகிவிட்டேன். அதுதான் ஆபத்து.

2024 அக்டோபர் 28, திங்கள். ஓர் அரசு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: கிடைத்த தேதியிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 31 தீபாவளி. நவம்பர் 1-ஐயும் தமிழக அரசு விடுமுறையாக அறிவித்திருந்தது. இரண்டையும் பட்டியலில் போட்டேன். ஒர்க்டே நவம்பர் 13 என்றது. எங்கள் தபால் பிரிவு அக்கா சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் விரல் வைத்து எண்ணிவிட்டு, “தம்பி, 13 வரைக்கும் எனக்குப் பதினோரு நாள் வருதேப்பா” என்றார். “முதல் நாளையும் சேர்த்திருப்பீங்கக்கா” என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

அக்கா சேர்க்கவில்லை. நவம்பர் 1-க்கு ஈடாக 9-ஆம் தேதி சனிக்கிழமை அரசு அலுவலகங்கள் இயங்கும் என்று ஆணையிலேயே இருந்தது. காலண்டரில் 9-ஐப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். சரியான கெடு 12. நாங்கள் 13-ஆம் தேதி கொடுத்த பதிலை வாங்கவே இல்லை.

லீவு நாளைச் சேர்க்க அந்த பார்முலாவில் இடம் இருக்கிறது. வேலை நாளாக மாறிய சனியைச் சேர்க்க இடமே இல்லை. 2025 பொங்கலிலும் இதே கதைதான்: ஜனவரி 17 வெள்ளி லீவு, 25 சனி வேலை. இப்போது ‘ஈடு சனி’ என்று ஷீட்டில் தனியாக ஒரு நெடுவரிசை வைத்து, அதில் கெடுவுக்குள் வரும் தேதிகளை கவுண்ட்இஃப்ஸ் பார்முலாவில் எண்ணி, நெட்வொர்க்டேஸ் விடையோடு கூட்டுகிறேன். ஒர்க்டேயில் அந்த வழியும் கிடையாது. வரும் தேதியைக் கையால்தான் திருத்த வேண்டும்.

இன்னொன்று. நியமன ஆணையில் வெறுமனே ‘30 நாள் நோட்டீஸ்’ என்று இருந்தால் அது காலண்டர் நாள்தான். செக் திரும்பி, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் நோட்டீஸ் அனுப்பினால் பணம் கட்டத் தரும் 15 நாளும் அப்படியே. அங்கெல்லாம் இந்த பார்முலாவைத் தொடவே கூடாது.

நூறு வரிக் கணக்கு என்றால் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது, நாளைக்கும் இதைத்தான் திறப்பேன். ஆனால் நண்பன் கேட்டது நம்பலாமா என்று. பதினைந்து நாளுக்குள் அடங்கும் கெடு என்றால் நம்பாதே என்று இப்போது மாற்றிச் சொல்கிறேன். எங்கள் ஆபீசில் அக்கா காலண்டரில் எண்ணிச் சொன்ன பிறகுதான் தேதி ஃபைலில் ஏறுகிறது.