3எம் 8210 என்95 முகக்கவசம்: வடிகட்டியில் குறையில்லை, மாட்டுவதில்தான் கவனம் வேண்டும்

முதலில் இதை வாங்கத் தேவையில்லாதவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். ஆஸ்துமா, புகைபிடித்து வந்த நுரையீரல் அடைப்பு, தூசி அலர்ஜி ஆகியவற்றால் இருமுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எதுவும் தொற்றாது. அவரைப் பார்த்து முகத்தை மூடுவது அவர் மனதைத்தான் நோகடிக்கும். காசநோய், தட்டம்மை, இன்ஃப்ளுயன்சா, கோவிட் ஆகியவை ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுபவை. தட்டம்மைக் கிருமி, நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை இருக்கும். இந்த முகக்கவசத்துக்கு வேலை இருப்பது இங்கேதான்.

8210 வெள்ளை நிறத்தில் கிண்ணம்போல் இருக்கும், மஞ்சள் பட்டைகள் இரண்டு, மூக்குக்கு மேல் வளையும் உலோகத் தகடு, அதற்கு உள்பக்கம் மெத்தென்ற நுரைப்பட்டை. பெட்டிக்கு 20. கிண்ணம் விறைப்பாக இருப்பதால் வாயில் ஒட்டாது, பேசும்போது மூச்சு முட்டுவதும் குறைவு. ஆனால் மடித்துச் சட்டைப் பையில் வைக்க முடியாது, நசுங்கினால் விளிம்பு கெட்டுவிடும்.

வைரஸ் 0.1 மைக்ரான்தானே (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 0.3 மைக்ரானில் சோதித்த துணி அதை எப்படித் தடுக்கும் என்று பலரும் கேட்கிறார்கள். இது சல்லடை இல்லை. பெரிய துகள் நேராக வந்து இழையில் மோதி நிற்கும். மிகச் சிறியது காற்றில் தள்ளாடித் தள்ளாடி ஏதாவது ஓர் இழையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் உள்ள 0.3 மைக்ரான் அளவுதான் பிடிக்கக் கடினமானது, அதனால்தான் அதை வைத்துச் சோதிக்கிறார்கள். நிமிடத்துக்கு 85 லிட்டர் வேகத்தில் உப்புத் துகள் கலந்த காற்றைச் செலுத்தி, குறைந்தது 95 சதவீதம் நிற்க வேண்டும் என்பது விதி. இழைகளில் ஏற்றியிருக்கும் நிலைமின்சாரம் இதற்குப் பெரிய துணை. சானிடைசர் தெளித்தாலோ சோப்பு போட்டுத் துவைத்தாலோ அந்த மின்சாரம் போய்விடும். பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும், ஆனால் சரியாக வடிகட்டாது. தயவுசெய்து துவைக்காதீர்கள்.

சாதாரண மூன்றடுக்கு மாஸ்க்கின் பலவீனம் துணியைவிட ஓரத்தில்தான் அதிகம்: கன்னத்துப் பக்கம் திறந்தே கிடக்கும். 8210ஐயும் சரியாக மாட்டாவிட்டால் அதே கதிதான். பட்டைகளை முதலில் இழுத்துத் தளர்த்துங்கள். கிண்ணத்தைத் தாடைக்குக் கீழிருந்து பொருத்தி, மேல்பட்டையை உச்சந்தலைக்குப் பின்னாலும் கீழ்ப்பட்டையைக் காதுக்குக் கீழே பிடரியிலும் போடுங்கள். இரண்டையும் கழுத்திலேயே விட்டுவிடுவதுதான் அதிகம் காணும் தவறு. அப்போது மூக்குப் பக்கம் தூக்கிக்கொள்ளும். தகட்டை இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து வெளிப்பக்கம் அழுத்துங்கள். ஒரே கையால் கிள்ளினால் நடுவில் கூர் விழுந்து சந்து உண்டாகும். கடைசியாகக் கிண்ணத்தை இரு கைகளாலும் மூடி மூச்சை வெளியே விடுங்கள். கண் பக்கம் காற்று வந்தால் தகட்டையும், கன்னத்தில் வந்தால் பட்டைகளையும் திருத்துங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் கசிகிறது என்று பொருள். தாடி வைத்தவருக்கு எந்த அழுத்தமும் உதவாது, மழித்தே ஆக வேண்டும். முகம் சிறியவர்கள் 8110எஸ் வாங்கலாம். குழந்தைகளுக்கானது இல்லை.

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் என்றால் இதை நோயாளிக்கு மாட்டாதீர்கள். அவருக்கு மூன்றடுக்கு மாஸ்க் போதும், அது எச்சில் துளியைப் பிறந்த இடத்திலேயே தடுக்கும். 8210 பார்த்துக்கொள்கிறவருக்கு. ஜன்னல் திறந்தே இருக்கட்டும். நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கலாமா என்பதற்குச் சென்னையிலேயே விடை உண்டு. 1956இல் தொடங்கிய ஆய்வில், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனையில்) சேர்ந்தவர்களின் குடும்பத்தாரைவிட நோய் கூடுதலாக வரவில்லை. ஆபத்து பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய நாட்களில். மருந்து ஒழுங்காகப் போகும்போது தொற்றும் தன்மை வேகமாகக் குறையும். கவசத்தை எப்போது நிறுத்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தட்டும் டம்ளரும் தனியாக வைப்பதில் பயனில்லை.

ரத்தம், திரவம் தெறிக்கும் இடத்துக்கு இது சரிப்படாது, அதற்கு அதே நிறுவனத்தின் 1860 இருக்கிறது. ஈரமானாலோ, மூச்சிழுக்கச் சிரமமானாலோ, பட்டை தொய்ந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

போலிகள் அதிகம் என்பதால் வாங்கும்போது கவசத்தின் மீதே பாருங்கள்: நையோஷ் (இவற்றைச் சோதித்து ஒப்புதல் தரும் அமெரிக்க அரசு அமைப்பு) என்ற பெயர், டிசி-84ஏ-0007 என்ற ஒப்புதல் எண், லாட் எண் மூன்றும் இருக்க வேண்டும். காதில் மாட்டும் பட்டையோடு யாராவது 8210 என்று நீட்டினால் அது 8210 இல்லை.