பழைய ஹிமாலயன் 411, பழைய 390 அட்வென்ச்சர்: எதை எடுக்கலாம்?

ஐந்து நாள் வேலைக்குப் போய் வர வேண்டும். வாரக்கடைசியில் மலைப்பாதையிலோ மண் பாதையிலோ ஒரு சுற்று அடித்துவிட்டு வர வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வண்டிதான், அதுவும் செகண்ட் ஹேண்டில். இப்படித் தேட ஆரம்பிக்கும் பலர் கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறார்கள்: ஒரு பக்கம் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, இன்னொரு பக்கம் கேடிஎம் 390 அட்வென்ச்சர். நானும் அங்கேதான் வந்து நின்றேன். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஹிமாலயனை எடுத்தேன், இன்றைக்கும் அதுதான் என் வண்டி. அதனால் இந்த அலசலில் ஹிமாலயன் பக்கம் சாய்வு இருக்கும். 390 பற்றி நான் சொல்வது, நண்பனுடைய வண்டியை அவ்வப்போது ஓட்டியும் அவனோடு சேர்ந்து அதைக் கழற்றி மாட்டியும் தெரிந்துகொண்டது. வருஷக்கணக்கில் தினமும் ஓட்டியவரின் அனுபவமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். வேகம்தான் முக்கியம் என்றால் 390தான். 373 சிசி எஞ்சினில் 43 குதிரைத்திறன், ஆறு கியர். ஹிமாலயனுக்கு 411 சிசி இருந்தும் 24.5 குதிரைத்திறன்தான், கியரும் ஐந்தே. எடையோ சுமார் 20 கிலோ கூடுதல். வண்ணத் திரை, வளைவில் சாய்ந்திருக்கும்போதும் வேலை செய்யும் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுப்பது), கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் குவிக்‌ஷிஃப்டர் என்று 390-இல் வசதிகள் ஏராளம். பின்னால் வந்த 390 அட்வென்ச்சர் எக்ஸ் மாடலில் இவற்றில் பெரும்பாலானவை கிடையாது, வாங்கும்போது கவனியுங்கள். ஹிமாலயனில் சொல்லிக்கொள்ளும்படி இருப்பது ஏபிஎஸ் மட்டும், அதுவும் 2018 வாக்கில்தான் வந்தது. பெட்ரோல் டேங்க் 15 லிட்டரும் 14.5 லிட்டரும், அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

தினசரி ஓட்டத்துக்கு வந்தால் இந்த எண்களின் அர்த்தமே மாறிவிடுகிறது. ஹிமாலயனில் பிஸ்டனின் விட்டம் 78 மி.மீ., அது மேலும் கீழும் போய்வரும் தூரம் 86 மி.மீ. 390-இல் அப்படியே தலைகீழ்: விட்டம் 89, ஓட்டம் 60. நீண்ட ஓட்டம் கொண்ட எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே இழுக்கும். ஹிமாலயனின் முழு இழுவையும், அதாவது 32 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 4,500 சுற்றுக்குள் கைக்கு வந்துவிடுகிறது. 390-இல் 37 கிடைக்கும், ஆனால் அதற்கு எஞ்சின் 7,000 சுற்ற வேண்டும். நெரிசலில் மூன்றாவது கியரில் நடை வேகத்துக்கு இறங்கினால் ஹிமாலயன் முனகிக்கொண்டே போய்விடும். 390 அந்த இடத்தில் உதறும், செயின் தடதடக்கும். ஒரு கியர் குறை, கிளட்சைக் கொஞ்சம் பிடி என்று கேட்கும். கொஞ்ச தூரம் என்றால் பரவாயில்லை. காலையும் மாலையும் ஒரு மணி நேரம் என்றால் இடது கை சொல்லிவிடும்.

சூடும் அப்படித்தான். ரேடியேட்டர் விசிறி சுற்ற ஆரம்பித்ததும் 390-இல் வெந்த காற்று கால் பக்கம் வருகிறது. ஹிமாலயனும் நெரிசலில் சூடாகும்தான், ஆனால் அது ஒரே இடத்தைக் குறிவைத்து அடிப்பதில்லை. இருக்கை உயரம் 800 மி.மீ., 390-க்கு 855. ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவருக்கு இந்த ஐந்தரை சென்டிமீட்டர்தான் சிக்னலில் பாதம் முழுக்க ஊன்றுவதா, நுனிக்காலில் நிற்பதா என்பதைத் தீர்மானிக்கும்.

வேலைக்குப் போகிறவருக்கு 390 தெளிவாக ஜெயிக்கும் இடமும் ஒன்று உண்டு. அதன் அலாய் சக்கரங்களில் டியூப்லெஸ் டயர். ஆணி குத்தினால் வெளியிலிருந்தே திரி வைத்து அடைத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பலாம். ஹிமாலயனில் கம்பிச் சக்கரம், உள்ளே டியூப். சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை வெளியே எடுத்தாக வேண்டும். அலுவலக நேரத்தில் இது பெரிய தலைவலி, இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. ஹெட்லைட்டும் அப்படித்தான்: ஹிமாலயனின் ஹாலஜன் வெளிச்சம் இருட்டு ரோட்டுக்குப் போதாது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டே நான் ஹிமாலயனை எடுத்ததற்குக் காரணம் பராமரிப்பு. புது வண்டி வாங்கும்போது பராமரிப்பு என்பது இனி நாம் செய்யப்போவது. பழைய வண்டியில் அது இன்னொருவர் செய்தது, அல்லது செய்யாமல் விட்டது. அந்த ஆள் என்ன செய்தார் என்பது அவருக்கும் அவருடைய மெக்கானிக்குக்கும் மட்டுமே தெரியும். ஆகவே பழைய வண்டியைப் பொறுத்தவரை நான் கேட்கும் கேள்வி இதுதான்: முந்தைய சொந்தக்காரர் கவனிக்காமல் விட்டதை நானே கண்டுபிடிக்க முடியுமா, கண்டுபிடித்தால் நானே சரிசெய்ய முடியுமா?

வால்வு இடைவெளியையே எடுத்துக்கொள்வோம். எஞ்சினுக்குள் காற்றும் புகையும் போய்வரும் கதவுதான் வால்வு. அதற்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே ஒரு நூலளவு இடைவெளி இருக்க வேண்டும். ஹிமாலயனில் ஒரு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு), இரண்டு வால்வு, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த டாப்பெட். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிஸ்டனை அமுக்க ஓட்டத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, மூடியைத் திறந்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை இடையில் விட்டு இழுக்க வேண்டும். லேசாக உரசிக்கொண்டு வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் இடைவெளி அதிகம், நுழையவே மறுத்தால் குறைவு. லாக்நட்டைத் தளர்த்தி, திருகைத் தேவையான அளவு திருப்பி, மறுபடி நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது திருகும் கூடவே ஒரு நூல் திரும்பிவிடும். அதனால் இறுக்கிய பிறகும் ஒருமுறை தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். முதல் தடவை அரை நாள் ஆகும், பழகிவிட்டால் காபி ஆறுவதற்குள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும். வாங்கிய உடனே இதைச் செய்துவிட்டால், இந்த விஷயத்தில் வண்டியின் பழைய கணக்கு முடிந்தது.

390-இல் இரண்டு கேம்ஷாஃப்ட், நான்கு வால்வு, ஷிம் எனப்படும் சிறு வட்டத் தகடுகள். பிளாஸ்டிக் பாகங்கள், டேங்க் எல்லாம் இறங்கி, மேல்மூடி கழன்ற பிறகுதான் அளக்கவே முடியும். இடைவெளி தவறியிருந்தால் எவ்வளவு தவறியிருக்கிறது என்று கணக்குப் போட்டு, அந்தத் தடிமன் உள்ள ஷிம்மைத் தேடி வாங்கிப் போட வேண்டும். இந்த அமைப்பு ஒருமுறை சரியாக வைத்தால் ஹிமாலயனின் திருகை விட நெடுந்தூரம் அசையாமல் இருக்கும். புது வண்டியாக வாங்கியவருக்கு அது வரம். பழையதாக வாங்குபவருக்குத்தான் சிக்கல், ஏனென்றால் அது கடைசியாக எப்போது அளக்கப்பட்டது, அளக்கப்பட்டதா என்பதே தெரியாது.

வண்டி பார்க்கப் போகிற பலர் டாப்பெட் சத்தத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். 'டிக் டிக்' என்று கேட்டால் இடைவெளி கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான், பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பயப்பட வேண்டியது சத்தமே போடாத வால்வுக்கு. ஓட ஓட வால்வு தன் இருக்கையில், அதாவது அது வந்து மூடும் விளிம்பில், தேய்ந்து உள்ளே இறங்கும், இடைவெளி குறையும், எஞ்சின் முன்னைவிட அமைதியாகக்கூடக் கேட்கும். ஒரு கட்டத்தில் வால்வு முழுக்க மூடாமல் போகும். மூடும் நேரத்தில்தான் அது தன் சூட்டை இருக்கைக்குக் கடத்துகிறது. அந்த வாய்ப்பு போனால் விளிம்பு கருக ஆரம்பிக்கும். ஆறிய எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, ஐடிலில் நின்றுபோவது எல்லாம் அதற்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். இந்தப் பிரச்சினை இரண்டு வண்டிக்கும் பொது. ஒன்றில் ஸ்பானரும் ஃபீலர் கேஜும் போதும், இன்னொன்றுக்கு அந்த எஞ்சின் தெரிந்த கை வேண்டும்.

குளிர்விக்கும் முறையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஹிமாலயன் காற்றாலும் எண்ணெயாலும் குளிர்கிறது. எண்ணெயை மாற்றினால் பாதி வேலை முடிந்தது. 390-இல் ரேடியேட்டர், தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட், விசிறி, ரப்பர் குழாய்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் எளிமையான பாகம்தான். ஆனால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டுக்குப் பதிலாக யாராவது வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருந்தால் உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

அப்புறம், யாரும் விளம்பரத்தில் போடாத ஒரு சின்ன விஷயம்: ஹிமாலயன் சென்டர் ஸ்டாண்டோடு வருகிறது, 390-இல் சைடு ஸ்டாண்ட் மட்டும். தினமும் ஓடும் வண்டியின் செயினை அடிக்கடி துடைத்து எண்ணெய் போட வேண்டும். பின் சக்கரம் தரையில் படாமல் நின்றால் ஒரு கையால் சுற்றிக்கொண்டே பத்து நிமிடத்தில் முடிக்கலாம். இல்லையென்றால் வண்டியை அங்குலம் அங்குலமாக உருட்ட வேண்டும், அல்லது தனியாக ஸ்டாண்ட் வாங்க வேண்டும். சிரமமான வேலை தள்ளிப்போகும், தள்ளிப்போனால் செயினும் பல்சக்கரமும் சேர்ந்து தேயும். நான் பார்த்த பழைய 390-களில் பல்சக்கரத்தின் பற்கள் கொக்கி போல் வளைந்திருந்தவை இருந்தன. அதில் வண்டியின் குற்றம் எதுவும் இல்லை.

ஹிமாலயன் பார்க்கப் போனால் அதே சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் ஒருவரை அமுக்கச் சொல்லி, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டில்பாரை ஒரே விரலால் மெல்ல இடமிருந்து வலம் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று பள்ளத்தில் விழுந்த மாதிரி தடைபட்டால் ஸ்டீயரிங் பேரிங் தேய்ந்திருக்கிறது. இந்த வண்டியில் பலரும் மாற்றிய பாகம் அது. சக்கரக் கம்பிகளை வரிசையாகத் தட்டிப் பாருங்கள், தளர்ந்த கம்பி மட்டும் மொத்தையாகச் சத்தம் கொடுக்கும். 2016-இல் வந்த முதல் கார்புரேட்டர் வண்டிகளை நான் தவிர்ப்பேன். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகான வண்டிகளில், அதிலும் ஏபிஎஸ் உள்ளவற்றில் தேடுவது நல்லது. 390 என்றால் முதலில் முன் சக்கர அலாயைச் சுற்றிவிட்டு விளிம்பு நெளிகிறதா என்று பாருங்கள், பள்ளத்தில் வேகமாக இறக்கிய தடம் அங்கேதான் தெரியும். கூலண்ட் துருநிறத்தில் இருந்தால் திரும்பி வந்துவிடலாம். 2022 மாடலிலிருந்து டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு ஆஃப்ரோடு முறை உண்டு, முடிந்தால் அதற்குப் பிந்தைய வண்டியைப் பாருங்கள்.

வாரக்கடைசிக்கு எது என்பது எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நெடுஞ்சாலையில் 100-க்கு மேல் போகும்போது ஹிமாலயனின் மூச்சு தெரிய ஆரம்பித்துவிடும். முந்திச் செல்ல முன்கூட்டியே யோசிக்க வேண்டும், பின்னால் ஆளும் சுமையும் இருந்தால் இன்னும். 390 அதே வேகத்தில் இன்னும் கையிருப்பு வைத்திருக்கும், வளைவுகளில் அதன் சஸ்பென்ஷனும் எடைக்குறைவும் தரும் நம்பிக்கை ஹிமாலயனில் கிடைக்காது. தார் ரோடு முடிகிற இடத்தில் நிலைமை மாறும். ஹிமாலயனுக்கு 21 அங்குல முன் சக்கரம், 200 மி.மீ. சஸ்பென்ஷன் ஓட்டம், 220 மி.மீ. தரை இடைவெளி. 390-க்கு 19 அங்குலம், 170, 200. கூழாங்கல் பாதையில் முதல் கியரில் எழுந்து நின்று ஊர்ந்து போகும்போது, ஹிமாலயன் நம்மை அவசரப்படுத்துவதே இல்லை. கற்றுக்குட்டிக்கு அதைவிட வேறென்ன வேண்டும். நல்ல கைதேர்ந்த ஆள் 390-ஐ அதே பாதையில் இன்னும் வேகமாகக் கொண்டுபோவார் என்றுதான் நினைக்கிறேன். என் கை அவ்வளவு தூரம் தேறவில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

திரும்ப விற்பது, உதிரி பாகம் இரண்டிலும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு எஞ்சினுக்குமே வாரிசு வந்துவிட்டது: ஹிமாலயனுக்கு 2023 இறுதியில் 452 சிசி, கேடிஎம்முக்கு 399 சிசி. பழைய 411 எஞ்சின் ராயல் என்ஃபீல்டின் ஸ்கிராம் 411 வண்டியிலும் ஓடியது. 373 எஞ்சின் கேடிஎம்மின் டியூக், ஆர்சி வண்டிகள் என்று 2013-இலிருந்து புழங்கியது. அதனால் எஞ்சின் பாகங்களுக்கு உடனடியாகப் பஞ்சம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. திரை, சென்சார் மாதிரியான மின்னணு பாகங்கள் பழசாகும்போது எப்படி இருக்கும் என்பதுதான் 390-இல் எனக்கு இருக்கும் தயக்கம்.

உங்கள் தினசரி வழி பெரும்பாலும் திறந்த நெடுஞ்சாலை, உயரம் ஒரு பிரச்சினை இல்லை, கேடிஎம் எஞ்சின் தெரிந்த நம்பகமான மெக்கானிக் கைவசம் இருக்கிறார், வண்டிக்கு ஆரம்பத்திலிருந்து சர்வீஸ் பதிவு முழுக்க இருக்கிறது என்றால் 390-ஐயே எடுங்கள், தயங்க வேண்டாம். பதிவு இல்லையென்றால், விலை எவ்வளவு இறங்கினாலும் நான் எடுக்க மாட்டேன். ஹிமாலயனில் பதிவு இல்லாவிட்டாலும் நான் போய்ப் பார்ப்பேன்.

எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் எஞ்சின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லலாம்.