பிரானா என்று ரூப்சந்த் குஞ்சை விற்கிறார்கள், காசு கொடுக்கும் முன் வாயைப் பாருங்கள்

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் வண்ணமீன் வளர்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். சிவப்பு வயிற்றுப் பிரானா என்று சொல்லி ஒரு கடையில் ஆறு குஞ்சுகளை ஜோடி 700 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டார்கள். அது பிரானாவே இல்லை. மீன் மார்க்கெட்டில் கிலோ கணக்கில் வெட்டி விற்கிற ரூப்சந்த்.

அக்கா மகன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று போன ஆடியில் வாங்கினேன். ஐந்து ரூபாய்க் காசு அளவு, வெள்ளி உடம்பில் கரும்புள்ளி, அடிவயிறு செக்கச்செவேல் என்று இருந்தது. "ஒரிஜினல் அமேசான் ஐட்டம்ணே, விரலை மட்டும் உள்ள விட்றாதீங்க" என்றார் கடைக்காரர். மூணடி தொட்டி போதுமாம். பச்சைக் கோழி ஈரலும் வாரத்துக்குப் பத்து கோல்டுஃபிஷ்ஷும் போட வேண்டுமாம், அந்த கோல்டுஃபிஷ்ஷையும் அவரிடமே வாங்க வேண்டும்.

ஈரல் போட்டதில் மூன்றாம் நாளே தண்ணீர் பால் மாதிரி கலங்கி, மேலே எண்ணெய்ப் படலம் கட்டி, கூடம் முழுக்க நாற்றம். தின்னாத கறி அழுகினால் அம்மோனியா ஏறும், அதில் மீன் மூச்சுத் திணறும். இரண்டு வாரத்தில் இரண்டு செத்துப்போயின. கோல்டுஃபிஷ் ஒன்றைக்கூட அவை தொடவில்லை. போனில் கேட்டால் "புது இடம்ணே, பழகணும்" என்றார். அப்புறம் ஒருநாள் பையன் சாமிக்குப் படைத்த வாழைப்பழத்தில் ஒரு துண்டைப் போட்டிருக்கிறான், நாலும் முட்டி மோதிக்கொண்டு தின்றன. எனக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது.

பாபநாசம் பக்கம் பண்ணைக்குட்டையில் மீன் வளர்க்கிற சித்தப்பா பொங்கலுக்கு வந்தபோது பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார், "டேய், இது ரூப்சந்துடா, நம்ம குட்டையிலயே கிடக்கு, சந்தையில வவ்வால்னு சொல்லிகூட விக்கிறாங்க." அதற்குள் கரண்ட் போய் ஏர் பம்ப் நின்ற ஒரு ராத்திரியில் இன்னொன்றும் செத்திருந்தது. அதன் உதட்டைக் கத்தரிக்கோல் முனையால் விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தோம். சின்னப் பிள்ளையின் கடைவாய்ப் பல்லைப் போலத் தட்டையாக, சதுரம் சதுரமாக இருந்தது. கொட்டையையும் பழத்தையும் அரைக்கிற பல் அது. பிரானாவுக்கு ஒற்றை வரிசையில் முக்கோணமாக, பிளேடு மாதிரி கூர்மையாக இருக்கும், கீழ்த்தாடையும் முன்னே துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டும் தென் அமெரிக்க ஆற்று மீன்கள், ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தம், குஞ்சில் நிறமும் புள்ளியும் ஒரே மாதிரி இருப்பதால் அதை வைத்துப் பிரித்தறிய முடியாது. அதனால் தாடையைப் பாருங்கள். கடையிலேயே பெரிய மீன் இருந்தால் பல்லைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

நிஜப் பிரானாவே கிடைத்தாலும் மூணடி தொட்டி பத்தாது. அது ஒரு அடி வரை வளரும், கூட்டமாக இருந்தால்தான் பயப்படாமல் இருக்கும், ஐந்தாறு மீன் இருக்க ஆறடித் தொட்டியாவது வேண்டும். ரூப்சந்த் அதைவிடப் பெரிசாகும். ஏழு மாதத்தில் என் மீன்கள் ஒரு சாண் வந்துவிட்டன, திரும்பவே இடமில்லாமல் கண்ணாடியில் மூக்கை இடித்துப் புண்ணாக்கிக்கொண்டன. அதைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். பில் இல்லை, ஒரு துண்டுச் சீட்டுதான் தந்திருந்தார், அதிலும் வெறும் "மீன் 6" என்று எழுதியிருந்தது. பணம் திரும்பாது என்றார், சரி, அதைக்கூட விட்டுவிடுவேன். "பெருசாயிடுச்சுன்னா அரசலாத்துல விட்ருங்கண்ணே, தண்ணி வந்துருச்சுல்ல" என்று சொன்னாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 1952-இல் வெளியிலிருந்து கொண்டுவந்த ஜிலேபி கெண்டை இன்றைக்கு நம் குளம், வாய்க்கால் எங்கும் நிறைந்து கிடக்கிறது. நம் கெண்டையும் கெளுத்தியும் விராலும் இருக்கிற தண்ணீரில் இன்னொன்றையும் கொண்டுபோய் விடச் சொல்கிறார், இப்படி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ தெரியவில்லை. தயவுசெய்து யாரும் ஆற்றிலோ வாய்க்காலிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள்.

மிச்சம் இருக்கிற மூன்றையும் கொல்லையில் இருக்கிற சிமெண்ட் தொட்டிக்கு மாற்றி, மேலே வலை கட்டியிருக்கிறேன். வாழைப்பழமும் கீரையும் பண்ணைத் தீவனமும் தின்கின்றன, மூக்குப் புண் ஆறி வருகிறது.